கருதுகோள் சோதனையில் பி-மதிப்பு 0.05க்கு மேல் வந்தால் ஏன் 'ஏற்றுக்கொள்' என்கிறார்கள்?

சூத்திரத்தை மனப்பாடம் செய்துவிட்டேன், அர்த்தம்தான் பிடிபடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அநேகமாகக் கல்லூரி முதல் வருடமாக இருப்பீர்கள். உங்களைக் குழப்புவது அந்த 'ஏற்றுக்கொள்' என்ற சொல்தான். எனக்கும் அதே இடத்தில்தான் அடி விழுந்தது.

இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் பாலை முதலில் ஊற்றிய தேநீர் எது என்று குடித்தே சொல்வேன் என்றார் ஒரு பெண்மணி. எட்டுக் கோப்பை வைத்துச் சோதிக்கும் அந்த முறையைப் புள்ளியியலாளர் ஃபிஷர் 1935இல் தன் நூலில் விளக்கினார். அதைப் படித்த வாரமே வீட்டில் செய்து பார்த்தேன். குழாய்த் தண்ணீரில் போட்ட காபியைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று அம்மா எப்போதும் சொல்வார். எட்டு டம்ளர், நான்கில் குழாய்த் தண்ணீர், நான்கில் கேன் தண்ணீர். கேன் தண்ணீர் டம்ளர்களின் அடியில் மட்டும் ஸ்டிக்கர் பொட்டு. தம்பி சமையலறையிலேயே இடம் மாற்றி வைத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

அம்மா குழாய்த் தண்ணீர் என்று எடுத்து வைத்த நான்கில் மூன்று சரி.

எட்டில் நான்கை 70 விதமாக எடுக்கலாம். வெறும் ஊகத்திலேயே மூன்றோ நான்கோ சரியாக வர 17 வழி, அதாவது 24 சதவீதம். அதுதான் பி-மதிப்பு: அம்மா ஊகம்தான் செய்கிறார் என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு நன்றாகவோ இதைவிட நன்றாகவோ அமைய எவ்வளவு வாய்ப்பு என்பது.

"அப்போ நான் சொல்றது பொய்ங்கிறியா?" என்றார் அம்மா. இல்லவே இல்லை. 24 சதவீதம் 0.05ஐ, அதாவது 5 சதவீதத்தைத் தாண்டுவதால், 'ஊகம்தான்' என்ற கருதுகோளை நிராகரிக்க முடியவில்லை. எட்டு டம்ளர் போதவில்லை, அவ்வளவுதான். பன்னிரண்டு வைத்து, ஆறில் ஐந்தைச் சரியாக எடுத்திருந்தால் 924க்கு 37, வெறும் 4 சதவீதம். அப்போதும் ஒரே ஒரு டம்ளர்தான் மாறியிருக்கும், ஆனால் ஊகம் என்பதை நிராகரித்திருப்போம்.

இதைப் புரிந்துகொண்டுதான் உள்தேர்வில் 'நிராகரிக்கப் போதிய ஆதாரம் இல்லை' என்று எழுதினேன். 'ஏற்கப்படுகிறது' என்று எழுதவில்லை என்று நான்கு மதிப்பெண் போனது. கருதுகோள் சோதனைக்கு வடிவம் கொடுத்த புள்ளியியலாளர்கள் நெய்மனும் பியர்சனும் 'ஏற்பு' என்ற சொல்லைப் பயன்படுத்தினார்களே என்று யாராவது பின்னூட்டத்தில் வருவீர்கள். தெரியும். அவர்கள் சொன்னது இப்போதைக்கு எப்படி நடந்துகொள்வது என்ற முடிவைப் பற்றி. கருதுகோள் உண்மை என்று நிரூபணமாகிவிட்டதாக அல்ல.

நூலைக் காட்டிக் கேட்கலாம் என்று போனால், எங்கள் நூலகத்தில் புள்ளியியல் அலமாரி மூன்று வருடமும் பூட்டியே கிடந்தது. சாவி துறைத்தலைவரிடம். அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு புத்தகத்தைப் புரட்டக்கூட விடமாட்டார்கள். கட்டணத்தில் நூலகத்துக்கென்று தனியாக வாங்கியது மட்டும் ஒரு வருடம்கூடத் தவறவில்லை.