டிஸ்க் போனால் விண்டோஸ் லைசென்ஸும் போய்விடுமா?

கேள்வி: 2021-ல் வாங்கிய லேப்டாப். வாங்கும்போதே ஒரிஜினல் விண்டோஸ் 10 இருந்தது. போன வாரம் ஹார்டு டிஸ்க் சுத்தமாகப் போய்விட்டது. கடையில் 512 ஜிபி எஸ்எஸ்டி மாற்றிவிட்டார்கள். “பழைய டிஸ்க்கோடு லைசென்ஸும் போச்சு மேடம், புது விண்டோஸுக்கு ரூ.3,500 ஆகும். அவ்வளவு வேண்டாம்னா ரூ.500-க்கு ஆக்டிவேட் பண்ணித் தர்றேன்” என்கிறார் கடைக்காரர். மகளின் கல்லூரி வேலையெல்லாம் இதில்தான். எதைத் தேர்ந்தெடுப்பது? - வாசகி, திண்டுக்கல்

பதில்: இரண்டும் வேண்டாம். உங்கள் லைசென்ஸ் எங்கும் போகவில்லை. அது அந்த டிஸ்க்கில் இருந்ததே இல்லை.

2012-ல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, விண்டோஸோடு விற்கப்படும் லேப்டாப்புகளில் அதன் லைசென்ஸ் கீயைத் தயாரிப்பு நிறுவனமே மதர்போர்டில் உள்ள, லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் பயாஸ் சிப்பில் எழுதிவிடுகிறது. விண்டோஸ் 7 காலத்தில் லேப்டாப்பின் அடியில் 25 எழுத்துக் கீயோடு ஒரு ஸ்டிக்கர் இருக்குமே, அதற்குப் பதிலாக வந்த ஏற்பாடு இது. போதாததற்கு, உங்கள் லேப்டாப் முதன்முதலில் இன்டர்நெட்டில் இணைந்து ஆக்டிவேட் ஆனபோதே, இந்த மதர்போர்டுள்ள கருவிக்கு இந்த லைசென்ஸ் உண்டு என்று மைக்ரோசாஃப்ட் தன் சர்வரிலும் பதிந்துகொண்டது. டிஜிட்டல் லைசென்ஸ் என்பது இதுதான். பீரோ எரிந்துபோனால் பட்டா ரத்தாகிவிடுமா? தாலுகா ஆபீஸ் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கிறதே! டிஸ்க் மாற்றியதும் அப்படித்தான். மதர்போர்டையே மாற்றியிருந்தால்தான் யோசிக்க வேண்டும். உங்களுக்கு மாற்றியது டிஸ்க் மட்டும்தான்.

எனவே செய்ய வேண்டியது, அதே பதிப்பு விண்டோஸைப் புது எஸ்எஸ்டியில் ஏற்றி, இன்டர்நெட்டில் இணைப்பது மட்டும்தான். சில நிமிடங்களில் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். விண்டோஸ் ஏற்றித்தர முந்நூறோ ஐந்நூறோ கூலி கேட்டால் கொடுங்கள், அது உழைப்புக்கான காசு. லைசென்ஸுக்கென்று தனியாகக் கேட்டால் ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

‘அதே பதிப்பு’ என்று சொன்னேன். தொண்ணூறு சதவீதக் குழப்பம் இங்கேதான் விளைகிறது என்று தாராளமாகச் சொல்வேன். இந்தியாவில் வீட்டு உபயோகத்துக்கு விற்கப்படும் லேப்டாப்புகளில் பெரும்பாலும் இருப்பது ‘ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்’ என்ற பதிப்பு. பில்லிலோ அட்டைப்பெட்டியிலோ ‘வின் 10 ஹோம் எஸ்எல்’ என்று போட்டிருக்கும். கடைக்காரர்கள் வைத்திருக்கும் பென் டிரைவிலோ பெரும்பாலும் ‘ப்ரோ’ பதிப்புதான் இருக்கும். வருகிற எல்லா லேப்டாப்புக்கும் அதையே ஏற்றிவிடுவது அவர்களுக்குச் சுலபம். ஹோம் பதிப்புக்கான கீ ப்ரோவைத் திறக்காது. ஆக்டிவேட் ஆகவில்லை என்று திரையின் மூலையில் எழுத்து விழும். உடனே “பார்த்தீங்களா, லைசென்ஸ் இல்லை” என்று உங்களிடம் காட்டுவார்கள். தவறான பதிப்பை ஏற்றியது அவர்கள். அதற்கான காசை உங்களிடம் கேட்கிறார்கள். தெரியாமல் செய்பவர்களும் இருக்கிறார்கள், தெரிந்தே செய்பவர்களும் இருக்கிறார்கள். உங்கள் பணம் போவதென்னவோ ஒன்றுதான்.

சரியாக ஏற்றினால் எப்படித் தெரியும்? மைக்ரோசாஃப்டின் சொந்த இணையதளத்திலிருந்து இறக்கிய விண்டோஸாக இருந்தால், ஏற்றும்போது அது பயாஸில் உள்ள கீயைத் தானே படித்துக்கொள்ளும். கீ என்ன என்று கேட்காது, ஹோமா ப்ரோவா என்றும் கேட்காது. நேரே அடுத்த திரைக்குப் போய்விடும். அப்படிப் போனால் கவலையில்லை. ஒருவேளை கீ கேட்டால், ‘ஐ டோன்ட் ஹேவ் எ ப்ராடக்ட் கீ’ என்பதை அழுத்திவிட்டு, பட்டியலில் ‘ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்’ என்பதையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பில்லில் வெறும் ‘ஹோம்’ என்றிருந்தால் ஹோம். ஏற்கெனவே ப்ரோ போட்டுவிட்டார்கள் என்றால், அதை ஹோமாக மாற்ற மல்லுக்கட்டாமல் முழுவதும் அழித்து மறுபடி ஏற்றுங்கள். புது டிஸ்க்தானே, இழப்பதற்கு ஒன்றுமில்லை.

பதிப்பு அதேதான் இருக்க வேண்டும், ஆனால் 10-க்குப் பதில் விண்டோஸ் 11-ஐயே ஏற்றிக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகளைப் பொதுவாக வழங்குவதை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. 2021-ல் புதிதாக வந்த மாடல் என்றால் 11-க்குத் தேவையான டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி பெரும்பாலும் இருக்கும். உங்கள் 10-க்கான லைசென்ஸே 11-க்கும் செல்லும், தனியாக வாங்க வேண்டியதில்லை.

இப்போது அந்த ஐந்நூறு ரூபாய் விஷயம். இதைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கோபம். பெரிய நிறுவனங்கள் தங்கள் நூற்றுக்கணக்கான கணினிகளைத் தங்களுடைய ஒரே சர்வர் மூலம் ஆக்டிவேட் செய்துகொள்ள மைக்ரோசாஃப்ட் ஒரு வழி வைத்திருக்கிறது. அதன் பெயர் கேஎம்எஸ். 180 நாள் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ள வேண்டும். அந்த நிறுவன சர்வர்போல நடிக்கும் ஒரு கிராக் மென்பொருளைத்தான் உங்கள் லேப்டாப்பில் போட்டுவிட்டு ‘ஆக்டிவேட் ஆயிடுச்சு’ என்பார்கள். அதைப் போடுவதற்கு முன் பெரும்பாலும் ஆன்டிவைரஸை அணைப்பார்கள், இல்லையென்றால் அந்த மென்பொருள் இருக்கும் ஃபோல்டரைச் சோதிக்க வேண்டாம் என்று ஆன்டிவைரஸுக்குச் சொல்லிவிடுவார்கள். யார் எழுதியது, உள்ளே வேறு என்ன இருக்கிறது என்று போட்டவருக்கே தெரியாது. அதே லேப்டாப்பில்தான் உங்கள் மகள் கல்லூரிக் கட்டணம் கட்டுவாள், வங்கிக் கணக்கு பார்ப்பாள்.

ஏற்கெனவே போட்டிருக்கிறார்களா என்று நீங்களே பார்க்கலாம். விண்டோஸ் 11-ல் ‘செட்டிங்ஸ்’ போய், ‘சிஸ்டம்’, அதில் ‘ஆக்டிவேஷன்’. ‘டிஜிட்டல் லைசென்ஸ்’ என்ற வார்த்தைகள் இருந்தால் நல்லது. ‘ஆர்கனைசேஷன்ஸ் ஆக்டிவேஷன் சர்வீஸ்’ என்று ஏதாவது இருந்தால், அது கிராக். உங்கள் வீட்டு லேப்டாப் எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லையே! அடுத்து ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யைத் திறந்து, வைரஸ் பகுதியின் அமைப்புகளில் கீழே ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ என்றிருப்பதைப் பாருங்கள். புதிதாக விண்டோஸ் ஏற்றிய கணினியில் அந்தப் பட்டியல் காலியாக இருக்க வேண்டும். ஏதாவது ஃபோல்டர் பெயர் இருந்தால், வாதம் செய்யாமல் முழுதாக அழித்து மறுபடி ஏற்றச் சொல்லுங்கள்.

ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு ‘ஒரிஜினல் கீ’ என்று விற்பதும் இதற்குத் தம்பிதான். பல நேரம் அவை எங்கோ ஒரு நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டு வெளியே கசிந்த கீகள். இன்று வேலை செய்யும், மைக்ரோசாஃப்ட் முடக்கினால் நின்றுவிடும். விற்றவரை எங்கே போய்த் தேடுவீர்கள்?

நான் சொன்னது அத்தனையும் பொருந்தாத ஒரு இடம் உண்டு. லேப்டாப் விண்டோஸே இல்லாமல் விற்கப்பட்டிருந்தால்! ‘ஒரிஜினல் விண்டோஸ் இருந்தது’ என்று எழுதியிருக்கிறீர்கள், நம்புகிறேன். ஆனாலும் பில்லை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ‘டாஸ்’, ‘ஃப்ரீடாஸ்’, ‘உபுண்டு’ என்று பில்லிலோ பெட்டியிலோ இருந்தால், அந்த மாடல் விண்டோஸ் இல்லாமல் வந்தது. அதனால்தான் விலையும் குறைவாக இருந்திருக்கும். வாங்கிய அன்றே கடையில் கிராக் விண்டோஸ் ஏற்றிக் கையில் கொடுத்திருப்பார்கள். நான்கு வருடமாக நன்றாக ஓடியிருக்கும், நீங்களும் ஒரிஜினல் என்றே நினைத்திருப்பீர்கள். அப்படியென்றால் பயாஸில் கீ கிடையாது, மேலே சொன்னபடி ஏற்றினாலும் ஆக்டிவேட் ஆகாது. பில் தொலைந்துவிட்டால், லேப்டாப்பின் அடியில் இருக்கும் சீரியல் எண்ணைத் தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்திலோ கஸ்டமர் கேரிலோ கொடுத்து, இந்த மாடல் எந்த ஓஎஸ்ஸோடு (விண்டோஸ் போன்ற இயங்குதளத்தோடு) வந்தது என்று கேளுங்கள். விண்டோஸ் இல்லாமல் வந்தது என்று தெரிந்தால் உங்களுக்கு நேர்மையான வழி இரண்டுதான். மைக்ரோசாஃப்டிடமோ அதன் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடமோ முழு விலை கொடுத்து வாங்குவது ஒன்று. லினக்ஸ் மின்ட் போன்ற இலவச ஓஎஸ் ஏற்றிக்கொள்வது இன்னொன்று. கட்டுரை எழுத, பிரசன்டேஷன் செய்ய, ஆன்லைன் வகுப்புக்கு லினக்ஸ் தாராளமாகப் போதும். கல்லூரியில் விண்டோஸில் மட்டுமே ஓடும் மென்பொருள் ஏதாவது கேட்கிறார்களா என்று மகளிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பில்லில் ஹோம் என்றோ ஹோம் எஸ்எல் என்றோ தெளிவாக இருந்தால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள்.

விண்டோஸை எங்கிருந்து எடுப்பது? யாராவது உறவினரின் கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்துக்குப் போய் ‘மீடியா கிரியேஷன் டூல்’ என்பதை இறக்கி ஓட்டினால், 8 ஜிபி பென் டிரைவில் எல்லாவற்றையும் அதுவே எழுதிக்கொடுக்கும். பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும், கவனம். தேடலில் முதலில் வரும் விளம்பர இணைப்புகளை அழுத்தாதீர்கள். டெல், எச்பி, லெனோவோ மூன்றும் உங்கள் சீரியல் எண்ணைக் கொடுத்தால், பல மாடல்களுக்குத் தொழிற்சாலையில் இருந்த அதே விண்டோஸை, வைஃபை போன்ற பாகங்களை இயக்கும் டிரைவர் மென்பொருள்களோடு தருகின்றன. கிடைத்தால் அதுவே மேல். லேப்டாப்பை ஆன் செய்தவுடன் டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9 அழுத்தினால் பென் டிரைவிலிருந்து தொடங்கலாம்.

இங்கே இரண்டு இடத்தில் முட்டும். இன்டெல் 11-ஆம் தலைமுறை லேப்டாப்புகள் சிலவற்றில், விண்டோஸை எங்கே ஏற்றுவது என்று கேட்கும் திரையில் எஸ்எஸ்டியே தெரியாது, பட்டியல் காலியாக இருக்கும். எஸ்எஸ்டி பொருந்தவில்லை, மதர்போர்டு பழுது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் இன்டெல் ‘ரேபிட் ஸ்டோரேஜ்’ டிரைவரை இறக்கி, அதிலுள்ள ஃபைல்களைப் பிரித்தெடுத்து அதே பென் டிரைவில் போட்டு, ‘லோட் டிரைவர்’ அழுத்தினால் டிஸ்க் தெரிந்துவிடும். அடுத்தது, ஏற்றி முடித்ததும் விண்டோஸ் 11 இன்டர்நெட் கேட்கும், ஆனால் வைஃபை டிரைவர் இல்லாவிட்டால் வைஃபை தெரியாது. ஆண்ட்ராய்டு போனைச் சார்ஜர் ஒயரால் லேப்டாப்பில் இணைத்து, போனில் ‘யுஎஸ்பி டெதரிங்’ போடுங்கள். வழி திறந்துவிடும்.

அப்போது ஈமெயில் கேட்கும். உங்கள் ஈமெயிலை, உங்கள் கையாலேயே, நீங்களே போடுங்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். லேப்டாப் விற்கும் இடங்களில், ‘நானே செட் பண்ணித் தர்றேன்’ என்று விற்பனைப் பையன் அவசரத்துக்கு ஒரு புது ஈமெயிலை உருவாக்கிப் போட்டுவிடுகிறான். பாஸ்வேர்டு அவனுக்கும் நினைவிருக்காது. லேப்டாப்போடு இலவசமாக வந்த ‘ஆஃபீஸ் ஹோம் அண்ட் ஸ்டூடன்ட்’ அந்த ஈமெயில் கணக்கோடுதான் ஒட்டிக்கொள்கிறது. டிஸ்க் மாற்றியபின் அதே கணக்கில் நுழைந்தால்தான் ஆஃபீஸ் திரும்பக் கிடைக்கும். விண்டோஸுக்குச் சொன்னது ஆஃபீஸுக்குப் பொருந்தாது. அதனால் 2021-ல் எந்த ஈமெயிலில் ஆஃபீஸ் திறந்தீர்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

சாதாரண மனிதர்களை இவ்வளவு அலைக்கழிக்க வேண்டிய அவசியம் என்ன என்று எனக்குப் புரியவில்லை. லைசென்ஸுக்குக் காசு வாங்குகிறார்கள், கையில் ஒரு காகிதம்கூடத் தருவதில்லை. கண்ணுக்குத் தெரியாத சிப்பில் கீயை எழுதிவிட்டு, ‘உங்கள் லைசென்ஸ் மதர்போர்டில் இருக்கிறது’ என்று பெட்டியில் ஒரு வரி அச்சிட்டால் என்ன? விண்டோஸை மீட்பதற்கான பகுதியையும் அதே டிஸ்க்கில்தான் வைக்கிறார்கள், டிஸ்க் போனால் அதுவும் சேர்ந்து போகிறது. முன்பெல்லாம் ஒரு டிவிடியாவது தந்தார்கள். இந்த இருட்டில்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள்.

கடைசியாக, பழைய டிஸ்க்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். ‘செத்த டிஸ்க்தானே’ என்பார்கள். விண்டோஸ் தொடங்காத டிஸ்க்கிலிருந்தும் பல நேரங்களில் போட்டோக்களையும் ஆதார் நகலையும் எடுத்துவிட முடியும். உங்களால் முடிந்தால் மற்றவராலும் முடியும். அதிலுள்ளவற்றை மீட்க நினைத்தால், டிஸ்க்கை விண்டோஸ் பாதுகாப்புக்காகப் பூட்டியிருந்ததா என்று மீட்பவர் கேட்பார். பூட்டியிருந்தால் 48 இலக்க ‘ரெகவரி கீ’ வேண்டும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மீட்புக்கான கட்டணம் பேசுங்கள். புது எஸ்எஸ்டிக்கு ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள், அதில் எஸ்எஸ்டியின் சீரியல் எண் இருக்க வேண்டும். வாரன்டி கேட்கும்போது அந்த பில்தான் பேசும். பில்லோ பழைய டிஸ்க்கோ தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கடையில் நின்றபடியே போன் செய்யுங்கள்.