பொன்னாடைக்கு முன்னால் பட்டியல்

அன்புள்ள ஐயா,

குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் கிறிஸ்தவ சபையின் கமிட்டியில் இருக்கிறேன். ஆலயத்தில் ஊழியம் செய்கிறவர்களைப் பாராட்ட ஒரு ஞாயிறு வைக்கிறோம். 23 பேர், கையில் 12,000 ரூபாய். வழக்கம்போலப் பொன்னாடையும் ஷீல்டும்தான். போன முறை பூ வைக்கிற அக்காவின் பெயர் விட்டுப்போய், அவர் இரண்டு மாதம் ஆலயத்துக்கே வரவில்லை. வலது கை செய்வதை இடது கை அறியக்கூடாது, மேடையில் பாராட்டுவதே தப்பு என்கிறார் ஒரு மூப்பர். என்ன செய்யலாம்?

வாசகர், குன்னூர்

அன்புள்ள சகோதரருக்கு,

மூப்பர் காட்டும் வலது கை, இடது கை வசனம் (மத்தேயு 6) தர்மம் செய்கிறவனுக்குச் சொன்னது. பெற்றுக்கொண்டவன் வாயைத் திறக்கக்கூடாது என்று அங்கே இல்லை. அவரோடு உட்கார்ந்து, பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 16-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பவுல் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். பலருக்குப் பெயரோடு செய்த காரியமும் வருகிறது. மரியாளும் பெர்சியாளும் மிகவும் பிரயாசப்பட்டார்கள். பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் அவர் உயிருக்காகக் கழுத்தைக் கொடுத்தார்கள். நிருபத்தைக் கையால் எழுதிய தெர்தியுவுக்கும் அதில் ஒரு வசனம் உண்டு.

பட்டியலைக் கமிட்டி அறையில் நினைவிலிருந்து எழுதினால் பெயர் விட்டுத்தான் போகும். மைக் பிடிக்கிறவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து ஞாயிறு மத்தியானம் வரை, ஒவ்வொரு மணி நேரமும் ஆலயத்தில் யார் கை படுகிறது என்று எழுதுங்கள். பூட்டைத் திறப்பவர், கூட்டுபவர், மணி அடிப்பவர், பூ வைப்பவர், திருவிருந்துப் பாத்திரம் கழுவுபவர், மேசை விரிப்பை வீட்டுக்கு எடுத்துப்போய்த் துவைத்து இஸ்திரி போடுபவர், காணிக்கை எண்ணுபவர், நடக்க முடியாத பெரியவர்களை ஜீப்பில் ஏற்றி வருபவர். பிறகு வாரத்தில் அடங்காதவை: கல்லறைக் குழி வெட்டுகிறவர்கள், டிசம்பர் பனியில் வீடு வீடாகப் பாடிப்போகும் கேரல் ரவுண்டுக்கு இரவு காப்பி போட்டுத் தரும் வீடு. மூன்று பேர் தனித்தனியாக எழுதி ஒப்பிடுங்கள். உங்கள் 23, முப்பதைத் தாண்டினால் ஆச்சரியமில்லை. இனிஷியலை அவரவரிடமே கேட்டுச் சரிபாருங்கள்.

12,000 ரூபாயை 23 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 520 ரூபாய் சொச்சம். ஜரிகைப் பொன்னாடை அன்று சாயங்காலமே பீரோவுக்குள் போய்விடும். நம் மலையில் நல்ல குடையோ சுடுதண்ணீர் பிளாஸ்க்கோ தினமும் கைக்கு வரும். அதோடு கையால் எழுதிய நான்கு வரிக் கடிதம். 'தங்கள் தன்னலமற்ற சேவை' என்று எழுதினால் 23 பேருக்கும் ஒரே கடிதம்தான். 'ஜூலை மழையில் ஆராதனைக்கு ஒரு மணி நேரம் முன்னே வந்து, ஒழுகின இடத்தைத் துடைத்துப் பாய் மாற்றிப் போட்டிருந்தீர்கள்' என்று எழுதினால் அது ஒருவருக்கு மட்டுமே பொருந்தும்.

சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்களைப் பற்றி ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வாட்ச்மேனுக்கோ கூட்டுகிறவருக்கோ சம்பளம் பாக்கி இருந்தால் அதை முதலில் தீருங்கள், இந்த 12,000-இலிருந்து எடுக்காமல். பாக்கியை வைத்துக்கொண்டு சால்வை போர்த்துவது அவமானம். ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் சார்ட்டும் கலர் பென்சிலும் சொந்தக் காசில் வாங்குகிறார்களா என்று கேளுங்கள். அநேகமாக ஆம் என்பார்கள். வருடத்துக்கு ஒரு தொகை ஒதுக்கிக் கணக்கில் ஏற்றுங்கள். கீபோர்டு வாசிப்பவருக்கு மாதம் ஒரு ஞாயிறு ஓய்வு கொடுக்க இரண்டாவது ஆளைப் பழக்குங்கள். ஓய்வைவிடப் பெரிதாக அவருக்கு நீங்கள் தரக்கூடியது வேறில்லை.

நாள் டிசம்பரில் வேண்டாம். பாராட்டப்படுகிறவர்களே அப்போது ஓடிக்கொண்டிருப்பார்கள். மழை ஓய்ந்த பிப்ரவரி நல்லது. வார நாளில் வைத்தால் கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு ஒரு நாள் கூலி போகும். காணிக்கைக்குப் பின் பெயரும் செய்த வேலையும் மட்டும் வாசித்தால் ஒருவருக்குப் பதினைந்து வினாடி, 23 பேருக்கு ஆறு நிமிடம். வேறு பேச்சு வேண்டாம்.

மதிய சாப்பாட்டைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் தலையில் கட்டாதீர்கள். பாதிப் பட்டியல் அவர்கள்தான். கமிட்டி ஆண்கள் சமைக்கட்டும். குடும்பத்தோடு 80 பேர் என்றால் 8 கிலோ அரிசி, சாம்பாருக்கு 2 கிலோ துவரம் பருப்பு. குன்னூர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த அண்டாவில் பருப்பு வேக நேரமெடுக்கும். ஒரு மணி நேரம் ஊறவையுங்கள், வெந்து குழைந்த பிறகே புளி ஊற்றுங்கள். முன்னால் ஊற்றினால் பருப்பு விறைத்து நிற்கும். அண்டா கழுவ நான்கு பேரை முதல் நாளே குறித்துவையுங்கள்.

பூ வைக்கிற அக்காவை விழா வரைக்கும் காக்க வைக்காதீர்கள். இந்த வாரமே இரண்டு பேர் அவர் வீட்டுக்குப் போய், விட்டுப்போனது எங்கள் தவறு என்று சொல்லுங்கள். கையில் ஒன்றும் கொண்டுபோக வேண்டாம். அவர் கோபமாகப் பேசினால் நடுவில் விளக்கம் சொல்லாமல் முழுவதும் கேட்டுவிட்டு வாருங்கள்.