மாதச் சம்பள வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே இணையவழிக் கணக்கு வேலை செய்து வாழ முடியுமா?

தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் 4 ஆண்டுகள் 7 மாதங்களாக வேலை செய்வதாகவும், 26,000 ரூபாய் சம்பளம் வாங்குவதாகவும், குழந்தை பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டதால் வேலையை விட்டுவிட நினைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஏறத்தாழ இதே காரணத்துக்காக 2021 செப்டம்பரில் நான் வேலையை விட்டேன். அதனால் பொதுவான அறிவுரையாக இல்லாமல், என் கணக்கையே உங்கள் முன் விரித்து வைக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை. என் கணவர் அரசு உதவிபெறும் பள்ளியொன்றில் ஆசிரியர். மாதக் கடைசியில் அவருடைய சம்பளம் வந்துவிடும். அந்தப் பிடிமானம் இல்லாமலிருந்தால் நான் துணிந்திருக்க மாட்டேன்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் 11 ஆண்டுகள் கணக்கராக இருந்தேன். நிட்டிங், சாயப்பட்டறை, காம்பாக்டிங், பிரிண்டிங் என்று வெளியே கொடுத்துச் செய்யும் வேலைகளுக்கு வந்து குவியும் ஜாப் ஒர்க் பில்களை டாலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றுவது, 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரத்தையும் 20-ஆம் தேதிக்குள் மாத வரிக் கணக்கைக் காட்டும் 3பி படிவத்தையும் ஜிஎஸ்டி தளத்தில் தாக்கல் செய்வது, சனிக்கிழமைதோறும் பீஸ் ரேட்டில், அதாவது உருப்படிக் கணக்கில் கூலி வாங்கும் தொழிலாளர்களுக்கு வாரச் சம்பளப் பட்டியல் போடுவது ஆகியவை என் பொறுப்பில் இருந்தன. சனிக்கிழமை இரவு 9 மணிக்கு முன்னால் நான் வீடு திரும்பிய வாரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

வேலையில் இருந்துகொண்டே 2019-இல், வேலை கொடுப்பவரையும் செய்பவரையும் இணையத்தில் சேர்த்துவைக்கும் அப்வொர்க் தளத்தில் கணக்குத் தொடங்கினேன். 43 விண்ணப்பங்கள் அனுப்பிய பிறகு கிடைத்த முதல் வேலை, பிரிஸ்பேனில் குழாய் வேலை செய்யும் ஒருவருடைய 14 மாத வங்கிப் பரிவர்த்தனைகளைச் சீரோ என்ற கணக்கு மென்பொருளில் ஒழுங்குபடுத்துவது. கூலி மணிக்கு 5 டாலர். அதிலும், ஒரு வாடிக்கையாளரிடமிருந்து வரும் முதல் 500 டாலர்வரை 20 விழுக்காட்டை அப்போது அந்தத் தளம் எடுத்துக்கொண்டது. கைக்கு வந்ததை மணிக்கணக்கில் வகுத்துப் பார்த்தபோது என் கம்பெனிச் சம்பளமே மேல் என்று தோன்றியது. ஆனாலும் விடவில்லை, ஏனென்றால் அந்த வேலை எனக்கு ஆஸ்திரேலியாவின் கடிகாரத்தை அறிமுகப்படுத்தியது.

இணையவழி வேலை என்றதும் பலரும் அமெரிக்காவைத்தான் நினைக்கிறார்கள். நியூயார்க்கில் காலை 9 மணி ஆகும்போது நமக்கு மாலை 6.30 அல்லது 7.30 ஆகியிருக்கும், குழந்தை வீட்டில் இருக்கும் நேரம் முழுவதும் வேலையில் கரைந்துவிடும். மெல்போர்னின் காலை 9 மணியோ நமக்கு விடியற்காலை 4.30. அக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி ஏப்ரல் முதல் ஞாயிறுவரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பதால் அது 3.30 ஆகிவிடும் என்பது கசப்பான விஷயம்தான். பிரிஸ்பேனில் அந்தத் தொல்லை இல்லை. 4.30 முதல் 7 மணிவரை ஒரு பகுதி, குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மதியம் 12 மணிவரை இன்னொரு பகுதி என்று என் நாள் அமைந்தது. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடைகூடக் காலை 9 மணிக்குத்தான் தொடங்கும் என்பதால், இன்வெர்ட்டர் வாங்கும் செலவை ஓராண்டு தள்ளிப்போட முடிந்தது.

அங்கே ஜிஎஸ்டி ஒரே விகிதம், 10 விழுக்காடு. நம் ஊர் விகிதங்களோடு மல்லுக்கட்டிய எனக்கு அது விளையாட்டாகத் தெரிந்தது. ஒரு சிற்றுண்டிக் கடையின் கணக்கு கைக்கு வந்தபோதுதான் பாலுக்கும் ரொட்டிக்கும் வரி இல்லை, கேக்குக்கு உண்டு என்பது போன்ற நுணுக்கங்களைப் படிக்க வேண்டியிருந்தது. 'பாஸ்' என்று அவர்கள் சுருக்கிச் சொல்லும் காலாண்டு வரி அறிக்கையை, அங்கே முறைப்படி பதிவுபெற்ற முகவர்தான் கட்டணம் வாங்கிக்கொண்டு பிறருக்காகத் தயாரித்துத் தாக்கல் செய்ய முடியும். நான் பேரேட்டைச் சரிபார்த்து, விடுபட்ட ரசீதுகளைக் கேட்டு வாங்கி, அறிக்கைக்கு வேண்டியதைத் திரட்டிக் கொடுப்பேன். எனக்கு வேலை கொடுத்த மெல்போர்ன் முகவர் அதைச் சோதித்துத் தாக்கல் செய்வார். ஆகவே என் பிழைப்பு எனக்குத் தெரிந்த கணக்கை மட்டும் நம்பி நிற்கவில்லை, கடல் கடந்த ஒருவருடைய நம்பிக்கையையும் சார்ந்து நிற்கிறது.

இனி, வேலையை விட்டதில் நான் உண்மையில் எதை இழந்தேன் என்பதற்கு வருகிறேன். விலகும்போது என் சம்பளம் 32,000 ரூபாய். ஓராண்டுக்குள் மாதம் 45,000, அடுத்த ஆண்டு 70,000 என்று வரவு கூடியது. ஆகவே இழந்தது பணத்தை அன்று, இழந்தது தேதியை. நம் குடும்பங்களில் பால் கணக்கு, பள்ளிக் கட்டணம், ஏலச்சீட்டு, வீட்டுக்கடன் தவணை எல்லாமே ஒரு தேதியில் பணம் வரும் என்ற நம்பிக்கையின்மேல் கட்டப்பட்டவை. கம்பெனியில் எத்தனை நெருக்கடி இருந்தாலும் 7-ஆம் தேதி சம்பளம் ஏறிவிடும். இப்போது நான் பில் அனுப்பி 14 நாளில் வரவேண்டிய பணம் சில சமயம் 40 நாள் கழித்து வருகிறது. வந்து சேரும் நாளின் டாலர் மதிப்பைப் பொறுத்து ரூபாயும் மாறுகிறது. இதற்கு நான் கண்ட வழி எளியது. வருகிற பணம் முழுவதும் ஒரு தனி வங்கிக் கணக்குக்குப் போகும். அதிலிருந்து ஒவ்வொரு 7-ஆம் தேதியும் 35,000 ரூபாயை மட்டும் வீட்டுக் கணக்குக்கு மாற்றிக்கொள்கிறேன். எனக்கு நானே முதலாளியாகி, பழைய தேதியிலேயே சம்பளம் போடுகிறேன் என்று கணவர் கேலி செய்வார்.

அந்தக் கேலி 2023 ஆகஸ்டில் எங்களைக் காப்பாற்றியது. என் முகவர் தம் தொழிலை வேறொருவருக்கு விற்றுவிட்டார். வாங்கியவரிடம் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். 72,000 ரூபாயாக இருந்த மாத வரவு அடுத்த மாதமே 25,000 ஆனது. யார்மேலும் தப்பில்லை, ஆனால் ஒரே ஆளிடமிருந்து வருமானத்தின் பெரும்பகுதி வருவதை இரண்டு ஆண்டுகள் நான் வசதியாகக் கருதி வந்தேன், அது என் தப்பு. மீண்டு வர ஐந்து மாதங்கள் ஆயின. இன்று மூன்று முகவர்களிடம் வேலை செய்கிறேன். ஒருவரிடமிருந்து பாதிக்குமேல் வருமானம் வராதபடி பார்த்துக்கொள்கிறேன்.

நிறுவனம் சத்தமில்லாமல் நமக்காகச் செய்துகொண்டிருந்த வேறு சில காரியங்களும் உண்டு. வருங்கால வைப்பு நிதியில் முதலாளி பங்காக மாதம் 1,800 ரூபாய் போய்க்கொண்டிருந்தது. அதில் 1,250 ரூபாய் ஓய்வூதியத் திட்டத்துக்கு. நான் 10 ஆண்டுகளைக் கடந்திருந்ததால் 58 வயதில் சிறிய ஓய்வூதியம் உண்டு. அந்த நிதியில் கைவைக்கவில்லை. பணிக்கொடையாக (கிராஜுவிட்டி), அடிப்படைச் சம்பளம் 18,000 ரூபாயை 26-ஆல் வகுத்து, 15 நாளுக்கும் 11 ஆண்டுக்கும் பெருக்கினால் வரும் 1,14,230 ரூபாய் கிடைத்தது. நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீடு வேலையோடு முடிந்துவிடும் என்பதால், விலகுவதற்கு ஓராண்டு முன்பே குடும்பத்துக்குத் தனிக் காப்பீடு எடுத்துவிட்டேன். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குத் தனிக் காப்பீட்டில் காத்திருப்புக் காலம் உண்டு, இப்போது அதிகபட்சம் 3 ஆண்டுகள். அதில் ஒரு பகுதியையாவது பழைய காப்பீடு கையில் இருக்கும்போதே கழித்துவிடுவது நல்லது. வீட்டுக்கடனையும் சம்பளச் சீட்டு இருந்தபோதே வாங்கினோம். பிறகு ஸ்கூட்டர் கடனுக்குப் போனபோதே வங்கியில் பல ஆண்டு வரித்தாக்கல் நகல்களைக் கேட்டார்கள்.

வரி நீங்கள் பயப்படும் அளவுக்குச் சிக்கலானதன்று. கணக்கியல், 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவு பட்டியலிட்ட தொழில்களில் ஒன்று என்பதால் வரவில் பாதியை வருமானமாகக் காட்டி நான் தாக்கல் செய்தேன். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் ஜிஎஸ்டி பதிவுக்குத் தேவை எழவில்லை. முன்பணம் கட்டினால் டைப்பிங் வேலை தருகிறோம் என்று வரும் அழைப்புகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேலை கொடுப்பவர் நம்மிடம் பணம் கேட்க மாட்டார்.

உறவினர்களின் பார்வை மட்டும் இன்னும் பழகவில்லை. "வீட்லதானே இருக்கே, ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்" என்று பெரியம்மா அழைக்கும்போது, நான் அதிகாலை 4.30-லிருந்து வேலையில் இருக்கிறேன் என்பதை எப்படிச் சொன்னாலும் சாக்குப்போக்காகவே ஒலிக்கிறது. முன்பெல்லாம் கம்பெனி லீவு தரவில்லை என்று ஒரு சொல்லில் முடித்திருப்பேன்.

உங்கள் விஷயத்தில் என் கருத்து இது: இன்று விலக வேண்டாம். பணிக்கொடைக்கு 5 ஆண்டு நிறைவு வேண்டும். வருங்கால வைப்பு நிதியை 5 ஆண்டு தொடர் சேவைக்கு முன் எடுத்தால் அதற்கு வரியும் உண்டு. உங்களுக்கு இன்னும் 5 மாதங்களே பாக்கி. அதற்குள் காலை 4.30 முதல் 7 மணிவரை எழுந்து உட்கார உங்களால் முடிகிறதா, வீடு அதற்கு இடம் கொடுக்கிறதா என்று பாருங்கள். சீரோவில் சோதனைக் கணக்கு இலவசமாகவே கிடைக்கும். பழகிக்கொள்ள அது போதும். ஆஸ்திரேலிய நிதியாண்டு ஜூன் 30-இல் முடிவதால், ஓராண்டாகத் தொடாமல் விட்ட கணக்குகளைச் சரிசெய்ய ஆள் தேடுவோர் ஜூலையில் அதிகம். விண்ணப்பிக்கத் தொடங்குவதை அந்த மாதத்தை ஒட்டி வைத்துக்கொள்ள முடியுமானால் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வேலைக்குக் குறைந்த கூலி சொன்னாலும், இரண்டாவது வேலைக்கு அதே கூலியைச் சொல்லாதீர்கள். நான் அப்படிச் சொல்லி ஓராண்டு வீணானது.