எண்பது ரத்தினம் மிச்சம்

இந்த வாரம் வந்த கடிதங்களில் மூன்று, இலவச மொபைல் கேம்களில் போகும் காசைச் சுற்றி வருகின்றன. பெங்களூரில் ஒரு மொபைல் கேம் கம்பெனியில் ஆறு வருடம் இருந்தவன் நான். கேமுக்குள் இருக்கும் கடைக்கு விலை போடுவதுதான் அங்கே என் வேலை. அதனால் ஆசிரியர் மூன்றையும் என் தலையில் கட்டிவிட்டார்.

கேள்வி: என் மகன் ஏழாம் வகுப்பு. என் போனில் ஒரு துப்பாக்கி கேம் ஆடுவான். இலவசம்தானே என்று விட்டுவிட்டேன். பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுப் பார்த்தால் இரண்டு மாதத்தில் 29, 89, 159 என்று 41 தடவையாக 4,509 ரூபாய் போயிருக்கிறது. கடைக்கு அனுப்பும்போது யுபிஐ பின் நம்பரை நானேதான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். கேட்டால், “நான் காசே எடுக்கலம்மா, டைமண்ட்தான் வாங்கினேன்” என்கிறான். இப்படியா பொய் சொல்வான்? பணம் திரும்பக் கிடைக்குமா? (வாசகி, விருதுநகர்)

பதில்: அவன் பொய் சொல்லவில்லை அம்மா. அவன் கணக்கில் ரூபாய் செலவாகவே இல்லை. அப்படி நினைக்க வைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

எங்கள் கேமில் பணத்துக்குப் பெயர் ரத்தினம். இருப்பதிலேயே சின்னப் பொட்டலம் 100 ரத்தினம், விலை 89 ரூபாய். பையன்கள் ஆசைப்படும் ஒரு சட்டைக்கு முதலில் 100 ரத்தினம் என்று போட்டேன். மேலதிகாரி பட்டியலைப் பார்த்துவிட்டு, “மிச்சம் எங்கே?” என்றார். எனக்குப் புரியவில்லை. அவரே 100ஐ அடித்து 120 என்று எழுதினார். அப்புறம்தான் விளங்கியது. ஒரு பொட்டலத்தில் சட்டை வராது. இரண்டு வாங்கினால் சட்டை போக 80 மிச்சம். அந்த 80 திரையின் ஓரத்தில் மின்னிக்கொண்டே இருக்கும். இன்னும் 40 இருந்தால் இன்னொரு சட்டை! மூன்றாவது பொட்டலம் வாங்கினால் அதிலும் 60 மிச்சம். ஆறு பொட்டலம் வாங்கி ஐந்து சட்டை எடுத்தால்தான் கணக்கு நேராகும். அதற்குள் நாங்கள் புதுத் தொப்பி ஒன்றை இறக்கிவிடுவோம்.

“சட்டை 107 ரூபாய்” என்று நேராக எழுதிப் போட்டிருந்தால் உங்கள் மகனே ஒரு நிமிடம் யோசித்திருப்பான். அந்த ஒரு நிமிடம் வரவே கூடாது என்பதுதான் தொழில்.

இது ஏதோ சின்னக் கம்பெனிகளின் தில்லுமுல்லு என்று நினைக்க வேண்டாம். ஃபோர்ட்நைட் கேமை நடத்தும் எபிக் கேம்ஸ் மீது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்து, 2022 டிசம்பரில் அந்தக் கம்பெனி 52 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அதில் 24.5 கோடி, தெரியாமல் பணம் இழந்தவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க. மீதி, குழந்தைகளின் விவரங்களைச் சேகரித்த விதத்துக்கான அபராதம். ஆணையம் சொன்ன குற்றச்சாட்டுகளில் ஒன்றைக் கேளுங்கள்: பொருளைச் சும்மா பார்க்கலாம் என்று ஒரு பட்டனைத் தொடப் போய்ப் பக்கத்துப் பட்டனில் கை பட்டால் போதும், வாங்கியதாகிவிடும். தூங்கிக் கிடக்கும் கேமை எழுப்ப அழுத்தினாலும் காசு போயிருக்கிறது. விலை போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், எந்தப் பட்டன் எங்கே இருக்க வேண்டும் என்று கூட்டம் போட்டுத்தான் முடிவு செய்வார்கள். தற்செயல் என்பதற்கு அங்கே இடம் குறைவு.

பணத்துக்கு வருவோம். பிளே ஸ்டோரில் வாங்கியவற்றின் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். கடைசி 48 மணி நேரத்துக்குள் வாங்கியதைக் கூகுளிடமே திருப்பிக் கேட்கலாம். குடும்பத்தில் ஒருவர் என் சம்மதம் இல்லாமல் வாங்கினார் என்ற காரணத்தைத் தேர்ந்தெடுங்கள். பழையவற்றுக்குக் கேம் கம்பெனிக்கு எழுத வேண்டும். தேதி, தொகை, மகனின் வயது மூன்றையும் போட்டு எழுதுங்கள். முழுசும் வரும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன். எடுத்த எடுப்பில் பேங்கில் போய்ப் புகார் கொடுக்காதீர்கள். கார்டு கம்பெனியிடம் புகார் செய்தவர்களின் கணக்கையே எபிக் கேம்ஸ் முடக்கிவிட்டது என்பதும் அந்த வழக்கில் ஒரு குற்றச்சாட்டு. கணக்கு முடங்கினால் வீட்டில் வேறொரு போர் ஆரம்பிக்கும்.

இன்றைக்கே யுபிஐ பின்னை மாற்றுங்கள். பிளே ஸ்டோர் அமைப்பில், ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள். கடைக்கு அனுப்பும்போது கையில் நோட்டாகவே கொடுத்து அனுப்புங்களேன், மிச்சச் சில்லறையையாவது பார்ப்பான்.

கேள்வி: கல்லூரி இரண்டாம் ஆண்டு. ஜென்ஷின் இம்பாக்ட் ஆடுகிறேன். மாலை வேலையில் கிடைக்கும் என் சொந்தக் காசில்தான் செலவு செய்கிறேன். அதில் குலுக்கல் சீட்டு மாதிரி ஒவ்வொரு தடவையும் இழுத்துத்தான் கேரக்டர்களைப் பெற வேண்டும். 90 தடவை இழுத்தால் ஐந்து நட்சத்திரக் கேரக்டர், அதாவது அரிதான ஆள், கட்டாயம் வரும் என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். இதில் மறைப்பு எங்கே இருக்கிறது? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: சொந்தக் காசு என்றால் உபதேசம் பண்ண நான் யார் தம்பி? கணக்கை மட்டும் சேர்ந்து போடுவோம்.

பெட்டிக்கடையில் பிரைஸ் அட்டை தொங்கும், ஞாபகம் இருக்கிறதா? உங்கள் வயதுக்கு இருக்காது. காசு கொடுத்து ஒரு சீட்டைக் கிழிக்க வேண்டும். ஆனால் அட்டையில் சீட்டு குறையக் குறைய, மேலே தொங்கும் பெரிய பலூன் நமக்கு நெருங்கி வரும். சாமர்த்தியமான பையன்கள் பாதி அட்டை தீரும் வரை காத்திருப்பார்கள். உங்கள் கேமில் அட்டை தீருவதே இல்லை. 90ஆவது இழுப்பில் ஏதோ ஒரு ஐந்து நட்சத்திரம் வரும், சரி. அது நீங்கள் கேட்ட ஆளாக இருப்பதற்கு வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான். தப்பினால் அடுத்த 90இல்தான் அவர் நிச்சயம். ஆக, மோசமான நாளில் 180 இழுப்பு. இழுப்புக்கு 160 பிரைமோஜெம் (அந்தக் கேமின் பணம்) வீதம் 28,800. 99.99 டாலர் பொட்டலத்தில், வழக்கமான போனஸ் சேர்த்தே, 8,080தான் வருகிறது. மூன்று பொட்டலம் போதாது, நாலாவதும் வேண்டும்.

இந்தக் கணக்கை நீங்கள் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஏனென்றால் காசு முதலில் ஜெனிசிஸ் கிரிஸ்டலாகிறது, அது பிரைமோஜெம் ஆகிறது, அதைக் கொடுத்து ஒரு சீட்டு, சீட்டைக் கொடுத்தால்தான் இழுப்பு. மறைப்பு அங்கே இருக்கிறது. இந்தக் குழப்பத்தையும் சேர்த்துக் குற்றம் சாட்டித்தான் அதே அமெரிக்க ஆணையம் நடவடிக்கை எடுத்தது. 2025 ஜனவரியில் ஜென்ஷின் இம்பாக்ட்டை நடத்தும் கம்பெனி 2 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. பெல்ஜியம் 2018லேயே காசு கொடுத்து வாங்கும் இந்த மாதிரி அதிர்ஷ்டப் பெட்டிகளைச் சூதாட்டம் என்று சொல்லிவிட்டது. நம் நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டங்களைத்தான் குறிவைக்கிறது. பணம் கட்டி பொம்மை ஜெயிப்பவரை அது கண்டுகொள்வதில்லை.

நானும் யோக்கியன் இல்லை. விலை போடுவதை விட்டு வந்தபிறகு, ஒரு தீபாவளி ராத்திரி “இன்னும் 3 மணி நேரமே” என்று ஓடிய கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து 1,800 ரூபாய்க்கு ஒரு டிராகன் வாங்கினேன். அந்த மாதிரி கடிகாரங்களை வைக்கச் சொன்னதே நான்தான். மறுவாரம் அதே டிராகன், அதே விலை, புதுக் கடிகாரம்.

கேள்வி: ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் நான். நான்கு வருடமாக கேண்டி க்ரஷ் ஆடுகிறேன். ஒரு பைசா கொடுத்ததில்லை. என்னை வைத்து அவர்களுக்கு என்ன லாபம்? (வாசகர், கும்பகோணம்)

பதில்: வணக்கம் ஐயா. அவர்கள் உங்களிடம் நஷ்டப்படவும் இல்லை. இந்த மாதிரி கேம்களில் ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போலத்தான். ஒரு சிறு கூட்டம் கொட்டிக் கொடுப்பதில்தான் வண்டி ஓடுகிறது. தொழிலில் அவர்களைத் திமிங்கலம் என்போம். அந்தக் கேமை நடத்தும் கிங் கம்பெனியை 2016இல் ஆக்டிவிஷன் பிளிஸார்ட் என்ற பெரிய கேம் கம்பெனி 590 கோடி டாலர் கொடுத்து வாங்கியது, எல்லாம் இந்த ஏற்பாட்டை நம்பித்தான். மற்றவர்களுக்கு விளம்பரம் இருக்கிறது. முப்பது விநாடி பார்த்தால் ஒரு சலுகை என்பார்கள். பார்த்ததற்கு விளம்பரக்காரர் காசு கொடுப்பார், டேட்டா உங்களுடையது.

கேண்டி க்ரஷ்ஷில் ஐந்து உயிர், போனது ஒவ்வொன்றும் திரும்பி வர அரை மணி நேரம். பொறுக்காதவர் கேமுக்குள் விற்கும் தங்கக் கட்டியைக் காசு கொடுத்து வாங்குவார். உங்களுக்குப் பொறுமை இருக்கிறது, பள்ளிக்கூடம் நடத்தியவர். என் அம்மாவும் அதைத்தான் ஆடுகிறார். உயிர் தீர்ந்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெண்டைக்காய் நறுக்கப் போய்விடுவார்.