அப்டேட்டில் புதிதாக ஒன்றும் இல்லை. போனை மாற்ற வேண்டுமா?

கேள்வி: என் ஆண்ட்ராய்டு போன் 2021-ல் வாங்கியது. ஆண்ட்ராய்டு 13-உடன் அப்டேட் நின்றுவிட்டது. அதுவரை வந்தவற்றிலும் ஐகானும் நிறமும் மாறியதைத் தவிரப் பெரிதாக எதையும் காணவில்லை. சாஃப்ட்வேரில் இனிப் புதிதாகச் செய்ய ஒன்றுமே இல்லையா? புதுப் போன் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: கண்ணுக்குத் தெரிகிற மாற்றங்கள் குறைந்துவிட்டன என்பது உண்மைதான். ஐபோனில் எழுத்துகளை காப்பி செய்து பேஸ்ட் செய்யும் வசதியே 2009-ல்தான் வந்தது. அவ்வளவு அடிப்படையான வேலைகள் பாக்கி இருந்ததால், அன்று ஒவ்வொரு பதிப்பும் பெரிய செய்தியாக இருந்தது. அந்தப் பாக்கியெல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது.

இப்போது அதிக உழைப்பு போவது பாதுகாப்புக்கு. உங்கள் போனில் ஏதாவது ஒரு ஆப் கேமராவையோ மைக்கையோ பயன்படுத்தினால், திரையின் மேல் ஓரத்தில் பச்சையாக ஒரு குறி தெரியும். அது 2021-ல் ஆண்ட்ராய்டு 12-உடன் வந்தது. பலர் அதைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். என்னைக் கேட்டால், பத்துப் புது ஐகான்களைவிட அந்தக் குறி மேல்.

இன்னொன்று, புது வசதிகள் எல்லாம் பதிப்பு எண்ணோடுதான் வரும் என்றில்லை. ஆண்ட்ராய்டு 10 முதல், சிஸ்டத்தின் சில பகுதிகளை கூகுளே நேரடியாகப் புதுப்பிக்கிறது. 2024-ல் வந்த திருட்டுப் பாதுகாப்பும் அப்படித்தான் பழைய போன்களுக்கும் கிடைத்தது. கையில் இருக்கும் போனை யாராவது பிடுங்கிக்கொண்டு ஓடினால், அந்த அசைவை உணர்ந்து திரை தானே பூட்டிக்கொள்ளும். செட்டிங்ஸில் கூகுள் பகுதிக்குள் போய்த் தேடுங்கள். இருந்தால் இன்றே ஆன் செய்துவிடுங்கள்.

சரி, போனை மாற்றுவதா? பல போன்களில், செட்டிங்ஸில் 'போனைப் பற்றி' என்ற பகுதியில் ஆண்ட்ராய்டு பதிப்பைத் தொட்டால், பாதுகாப்பு அப்டேட்டின் தேதி தெரியும். கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட் என்று அருகிலேயே இன்னொரு தேதி இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பாதுகாப்புத் தேதி சில மாதங்களுக்கு முந்தையது என்றால் கவலையில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடத்தைத் தாண்டிவிட்டால், கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகள் அடைபடாமலே கிடக்கின்றன என்று அர்த்தம். அந்த போனில் யுபிஐ, வங்கி ஆப் வைத்திருப்பது சரியில்லை. மாற்றுவதற்கு அது ஒன்றே போதுமான காரணம். ஏஐ வசதி என்ற விளம்பரத்துக்காக மட்டும் மாற்றாதீர்கள். அவற்றில் பல, சாதாரண ஆப்பாகவே பழைய போனிலும் ஓடும்.

வாங்குவதென்று முடிவானால், கேமராவைப் பார்ப்பதற்கு முன் எத்தனை வருடம் அப்டேட் தருவார்கள் என்று கேளுங்கள். 2023-ல் வந்த கூகுளின் பிக்சல் 8-க்கும், 2024-ல் வந்த சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24-க்கும் 7 வருட வாக்குறுதி உண்டு. விலை குறைந்த பல போன்களுக்கு அவ்வளவு கிடைக்காது. அப்புறம், இந்தக் கணக்கு நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல, அந்த மாடல் வெளிவந்த நாளிலிருந்து தொடங்குகிறது. தள்ளுபடியில் கிடைக்கும் இரண்டு வருடப் பழைய மாடலில் அந்த இரண்டு வருடம் ஏற்கெனவே கழிந்துபோயிருக்கும்.