உறுதி தெரியும்வரை காத்திருக்க வேண்டுமா?

மும்பையில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறீர்கள், துறை மாறலாமா என்று யோசித்தே காலம் போகிறது, எதிலும் உறுதி தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மனத்தைத் திறந்து வை, நிச்சயமில்லாததை ஏற்றுக்கொள் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதை நடைமுறையில் எப்படிச் செய்வது என்பது உங்கள் கேள்வி.

நான் மும்பையின் சயான் பகுதியில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்பியல் கற்றுத்தருகிறேன். ஒருவருக்குத் திறந்த மனம் இருக்கிறதா என்று அறிய எனக்கு ஒரே கேள்வி போதும்: "என்ன தெரியவந்தால் இந்தக் கருத்தை விட்டுவிடுவீர்கள்?" இதற்குப் பதில் வைத்திருப்பவர் எவ்வளவு கடுமையாக வாதாடினாலும் அவரோடு பேசலாம். பதில் இல்லாதவர் எல்லாவற்றுக்கும் இனிமையாகத் தலையாட்டினாலும் பயனில்லை.

ஆனால் ஒரே மனிதர் ஒரு விஷயத்தில் பதில் வைத்திருப்பார், இன்னொன்றில் வைத்திருக்க மாட்டார். என் வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லும் கதை இது. 1930 ஜூலை இறுதியில், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்த பத்தொன்பது வயது சுப்பிரமணியன் சந்திரசேகர், நம் மும்பைத் துறைமுகத்திலிருந்துதான் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். எரிபொருள் தீர்ந்த விண்மீன் எல்லாமே வெண்குறுமீனாகி, அதாவது சுருங்கி அடர்ந்த சிறு விண்மீனாகி, ஓய்ந்துவிடும் என்று அன்று நம்பினார்கள். சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் நிறை இருந்தால் அப்படி ஓய முடியாது, மேலும் சுருங்கிக்கொண்டே போகும் என்ற முடிவுக்கு அவரை இட்டுச்சென்ற கணக்கு அந்தக் கப்பலில் தொடங்கியது. 1935 ஜனவரியில் லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் அவர் அதை முன்வைத்தபோது, எல்லோர் முன்னிலையிலும் மறுத்தவர், அன்று பெரும்புகழ் பெற்றிருந்த ஆங்கிலேய வானியலாளர் ஆர்தர் எடிங்டன்.

எடிங்டன் குறுகிய மனம் படைத்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் உலகப்போரின் கசப்பு ஆறாத 1919இல், எதிரி நாடான ஜெர்மனியிலிருந்து வந்த ஐன்ஸ்டைனின் கோட்பாட்டைச் சோதிக்க ஆப்பிரிக்காவின் பிரின்சிப்பித் தீவு வரை போய்ச் சூரிய கிரகணத்தைப் படம்பிடித்தவர் அவர். அப்படிப்பட்டவர், ஒரு விண்மீன் இவ்வளவு அபத்தமாக நடந்துகொள்ளாமல் தடுக்க இயற்கையில் ஏதாவது விதி இருந்தாக வேண்டும் என்றார். அவர் அப்போது உருவாக்கிக்கொண்டிருந்த சொந்தக் கோட்பாட்டில் சந்திரசேகரின் முடிவுக்கு இடமில்லை. நாம் எதில் அதிகம் முதலீடு செய்திருக்கிறோமோ அங்கேதான் மனம் கதவைச் சாத்துகிறது.

சந்திரசேகர் செய்தது எனக்கு இன்னும் பிடிக்கும். தன் கணக்கை விட்டுக்கொடுக்கவில்லை, எடிங்டனின் நட்பையும் முறிக்கவில்லை. ஆய்வை 1939இல் நூலாக எழுதி முடித்துவிட்டு வேறு துறைக்குப் போய்விட்டார். பிறகும் ஏறக்குறைய பத்தாண்டுக்கு ஒருமுறை புதிய துறையில் மாணவரைப்போல் தொடங்கினார். நோபல் பரிசு 1983இல்தான் வந்தது. அது வரும் என்ற உறுதியில் யாரால் அத்தனை காலம் உழைக்க முடியும்?

இதையே தாராவியிலும் பார்க்கிறேன். என் மாணவன் ஒருவனின் தந்தை, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். 2015இல் மகாராஷ்டிரத்தில் காளை, எருதுகளை வெட்டவும் தடை வந்தபோது எருமைத் தோலுக்கு மாறினார், ரெக்சினும் எடுத்தார். எது விற்கும் என்று தெரியாததால் ஒவ்வொரு மாதிரியிலும் கொஞ்சம் மட்டும் தைத்துக் கடைகளில் கொடுத்துப் பார்த்தார். விற்காமல் போனாலும் பட்டறை மூழ்காது. நிச்சயமில்லாததோடு வாழ இதைவிடத் தெளிவான வழி எனக்குத் தெரியாது. அதே மனிதர் மகன் விஷயத்தில், "சார், நிச்சயமாகச் சீட் கிடைக்குமா? அதை மட்டும் சொல்லுங்கள்" என்று நிற்கிறார். "அண்ணாச்சி, நீங்கள் பை தைப்பதுபோலத்தான் இதுவும், இரண்டு மூன்று வழி திறந்திருக்கட்டும்" என்றேன். பிள்ளை என்றால் மனம் கேட்காது, அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆகவே நீங்கள் பொதுவாகத் திறந்த மனத்தைப் பழக வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் உங்களைக் கட்டியிருப்பது எது என்று பாருங்கள். சம்பளமா, படித்த படிப்பா, ஊரில் சொல்லிவைத்த பெருமையா? சார்லஸ் டார்வினுக்கு ஒரு வழக்கம் இருந்தது. தன் கருத்துக்கு எதிரான செய்தியைக் கண்டால் உடனே குறித்துவைப்பார், ஏனென்றால் சாதகமானவற்றைவிட அவைதான் விரைவில் மறந்துபோகின்றன என்று கண்டிருந்தார். நீங்கள் போக விரும்பும் துறையில் இருந்துவிட்டு வெளியேறியவர் ஒருவரைத் தேடிப் பேசுங்கள். அவர் சொல்வதை அன்றே எழுதிவையுங்கள்.

இப்போதைய வேலையை விடாமல், புதிய துறையில் சிறிய வேலை ஒன்றை மாலை நேரத்தில் எடுத்துப் பாருங்கள். எவ்வளவு பணம் போனால், எந்தத் தேதிக்குள் என்ன நடக்காவிட்டால் நிறுத்துவீர்கள் என்பதைத் தொடங்குவதற்கு முன்பே முடிவுசெய்யுங்கள். அந்தத் தொகையையும் தேதியையும் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவையுங்கள். மனத்துக்குள் மட்டும் வைத்திருந்தால் நமக்கே தெரியாமல் தள்ளிவைத்துக்கொண்டே போவோம்.