பனங்காய்ப் பணியாரம் ஏன் கைக்கிறது?

வணக்கம். நான் பரந்தன் பக்கம் இருக்கிறேன். அம்மம்மா இருந்தவரை ஆவணி பிறந்தால் வீட்டில் பனங்காய்ப் பணியாரம் நிச்சயம். அவர் போன பிறகு இந்த வருடம் நானே சுட்டுப் பார்த்தேன். வாயில் போட்டதும் இனிக்கிறது, விழுங்கும்போது கைக்கிறது. அடுத்த முறை சீனியை இரட்டிப்பாக்கினேன். கைப்பும் போகவில்லை, பணியாரமும் கருகிவிட்டது. அம்மம்மா அளவு எதுவும் எழுதி வைக்கவில்லை. அவருடைய கைப்பக்குவம் எனக்கு வராதா? போத்தலில் விற்கும் பனங்களியை, அதாவது பழத்தில் பிழிந்தெடுத்த சதையை, வாங்கிச் செய்யலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கைப்பக்குவத்தைக் குறை சொல்லாதீர்கள். அநேகமாக நீங்கள் எடுத்த பழம்தான் கைத்திருக்கிறது.

ஒரே வளவில் அருகருகே நிற்கும் இரண்டு பனைகளில் ஒன்றின் பழம் நல்ல இனிப்பாக இருக்கும், மற்றது வாயில் வைக்க முடியாமல் கைக்கும். களியில் உள்ள பிளபெலிபெரின் என்ற பொருள்தான் இதற்குக் காரணம். சப்போனின் வகையைச் சேர்ந்தது, தண்ணீரில் நுரைக்கும். முன்பு எங்கள் ஆட்கள் பனங்காய் பிழிந்து உடுப்புத் தோய்த்தது இந்த நுரையை நம்பித்தான். அது மரத்துக்கு மரம் கூடும், குறையும். எவ்வளவு சீனி போட்டாலும் நாக்கு கொஞ்சநேரம் ஏமாறுமே தவிர, கைப்பு களியிலேயே இருக்கும்.

உங்கள் அம்மம்மா அளவு எழுதாததில் எனக்கு வியப்பில்லை. எந்த மரத்துப் பழம் பணியாரத்துக்கு, எது சுட்டுச் சூப்ப, எதை மாட்டுக்கு விடலாம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். போர்க்காலத்தில் வன்னியில் எத்தனையோ பனைகள் பங்கருக்காகத் தறிக்கப்பட்டன. ஷெல் பட்டுத் தலை போனவை வேறு. இடம்பெயர்ந்து திரும்பியவர்களில் பலருக்கு வளவு கிடைத்தது, அவர்கள் அறிந்த மரம் கிடைக்கவில்லை. எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது. பனை காய்க்கப் பத்துப் பதினைந்து வருடத்துக்கு மேல் செல்லும். அதன் ருசியை அறிந்து வைக்க இன்னும் எத்தனை ஆவணி வேண்டும்!

ஆகவே முதலில் மரத்தைத் தேடுங்கள். விடிய எழும்பி, மாடு வந்து சூப்பமுன் பழம் பொறுக்குங்கள். ஒவ்வொரு மரத்துப் பழத்தையும் வேறுவேறாக வையுங்கள். தணலில் சுட்டு, தோலை உரித்து, களியை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துக் கொஞ்சம் பொறுங்கள். கைப்பு பிந்தித்தான் வரும். அப்படி வராத மரம்தான் உங்களுடைய மரம். பக்கத்து வளவில் வயதானவர்கள் இருந்தால் அவர்களையும் கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்வார்கள்.

போத்தல் களி பருவம் இல்லாத காலத்துக்குச் சரி. ஆவணியில் பனைக்குக் கீழே இருந்துகொண்டு அதை வாங்க வேண்டாம்.

இனிச் சமையல். தண்ணீர் அதிகம் விடாமல் பிழிந்து, தும்பு போக மெல்லிய துணியில் வடித்தெடுங்கள். ஒரு கப் களிக்கு அரைக் கப் சீனி போதும். தாச்சியில் விட்டு மெல்லிய நெருப்பில் கிண்டுங்கள். இறுகத் தொடங்கும்போது களி குமிழி விட்டுத் தெறிக்கும். கையில் பட்டால் கொப்பளிக்கும், நீளமான அகப்பை வேண்டும். பச்சை வாசம் போய், நிறம் கறுத்து, அகப்பை இழுத்த தடம் உடனே மூடாமல் நின்றால் இறக்கலாம். நன்றாக ஆறிய பிறகே மா. அவித்த கோதுமை மாவை உப்போடு அரைக் கப்பில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். விரலால் கிள்ளிப் போட்டால் எண்ணெயில் உருண்டு விழும் பதம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். மா கூடினால் ஆறியதும் கல்லுப் போல ஆகிவிடும். தேங்காய் எண்ணெய் அளவான சூட்டில் இருக்கட்டும், இல்லாவிட்டால் வெளியே கருகி உள்ளே வேகாது.

சுட்ட அன்றே ருசி பார்த்துவிட்டு மனம் சோர வேண்டாம். மறுநாள்தான் எண்ணெய் வாசம் அடங்கிப் பழத்தின் வாசம் எழும்பும். ஆறமுன் டின்னில் போட்டு மூடினால் பூஞ்சணம் பிடிக்கும்.

கொட்டைகளையும் எறிந்துவிடாதீர்கள். மாரிமழைக்கு முன் பாத்தி போட்டால் தை, மாசியில் கிழங்கு கிண்டலாம்.